ஹெல்மெட் போட்டும் ஏன்? பனிச்சறுக்கு வண்டிப் போட்டிகளில் தலைக்காயமும் அதைத் தடுக்கும் வழிகளும்

பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலிட்டன் மூன்றிலும் எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள், பெரும்பாலான ஓட்டங்களில் யாரும் கவிழ்வதும் இல்லை, அப்புறம் ஏன் இந்த வீரர்களுக்கு மூளை பாதிப்பு என்று செய்திகள் வருகின்றன, அதைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் மகள் 16 வயதில் ஸ்கெலிட்டன் பயிற்சியில் சேரப் போகிறாள், அவளுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

முதலில் சுருக்கமான பதில். விபத்தில் தலையில் பலமாக அடிபடுவது ஓர் ஆபத்து. விபத்தே நடக்காத சாதாரண ஓட்டங்களில் மூளை திரும்பத் திரும்பக் குலுங்குவது வேறோர் ஆபத்து. முதலாவதை இந்த விளையாட்டு நிறைய உயிர்களைக் கொடுத்துப் புரிந்துகொண்டது, ஓரளவு சரிசெய்தும் இருக்கிறது. இரண்டாவதை இப்போதுதான் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. ஹெல்மெட் முதலாவதற்கு ஒரு பகுதித் தீர்வு. இரண்டாவதற்கு அது ஏறக்குறைய உதவாது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் எதைக் கவனிக்க வேண்டும், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

மூன்று போட்டிகளும் ஒரே மாதிரியான பனித்தடத்தில்தான் நடக்கின்றன. ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் நீளம், பதினைந்து பதினாறு வளைவுகள், ஓட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். லூஜில் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னால் இருக்கும்படி இறங்குவார்கள். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலையை முன்னால் வைத்து இறங்குவார்கள். தாடைக்கும் பனிக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் இருக்கும். பாப்ஸ்லெட்டில் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்கார்ந்து போவார்கள், பெண்களுக்கு ஒருவர் மட்டும் ஓட்டும் மோனோபாப் போட்டியும் உண்டு. நால்வர் வண்டி ஆட்களோடு சேர்த்து 630 கிலோ வரை இருக்கலாம். வேகம் மணிக்கு 120 முதல் 150 கிலோமீட்டர். வளைவுகளில் உடல்மீது புவியீர்ப்பைப் போல நான்கு ஐந்து மடங்கு விசை அழுத்தும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் கழுத்து தாங்க வேண்டியது 30 கிலோ. அதைத் தாங்கி நிற்க முடியாதபோதுதான் ஸ்கெலிட்டன் வீரரின் ஹெல்மெட்டின் தாடைப்பகுதி பனியில் உரசுகிறது, சில சமயம் மோதுகிறது.

இனி விபத்துகள். மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டர். இதே வேகத்தைக் கீழே விழுந்து அடைய வேண்டுமானால் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஐரோப்பாவில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் வழக்கமான மோதல் வேகமோ நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சில சென்டிமீட்டர் நுரை உறிஞ்சக்கூடிய ஆற்றலுக்கு எல்லை உண்டு. அப்படியானால் இவ்வளவு பேர் கவிழ்ந்தும் எப்படி எழுந்து நடந்து போகிறார்கள்?

காரணம் தடத்தின் சுவர். வண்டி கவிழ்ந்தாலும் வீரர் தடத்துக்குள்ளேயே, போகிற திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகிறார். சுவரில் மோதினாலும் மிகச் சாய்வான கோணத்தில்தான் மோதுகிறார். அந்த 40 மீட்டர் வேகத்தில் சுவரை நோக்கிப் பாயும் பங்கு சிறியது. மீதி வேகம் பனியில் உரசி, நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்தில் மெதுவாகக் கரைகிறது. உடல் தடத்துக்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கு அவருக்குச் சாதகம். தடத்தை விட்டு வெளியே பறந்து, அசையாத ஒன்றின்மீது நேராக மோதினால் முழு வேகமும் ஒரே கணத்தில் நிற்கிறது. எந்த ஹெல்மெட்டும் அப்போது காப்பாற்றாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1953-இல் ஜெர்மனியின் கார்மிஷ் தடத்தில் சுவிட்சர்லாந்தின் பெலிக்ஸ் எண்ட்ரிஷ், இருவர் பாப்ஸ்லெட்டில் உலகப் பட்டம் வென்ற சில நாட்களிலேயே, நால்வர் வண்டி சுவரைத் தாண்டிப் பறந்து மரத்தில் மோதி இறந்தார். 2010 பிப்ரவரி 12 அன்று, வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, ஜார்ஜியாவைச் சேர்ந்த 21 வயது லூஜ் வீரர் நோடர் குமாரிதாஷ்விலி விஸ்லர் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது கடைசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, தடத்துக்கு வெளியே பறந்து, எந்த உறையும் இல்லாத இரும்புத் தூணில் மோதி இறந்தார்.

அந்த மரணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அனுபவக் குறைவு என்ற ஒரு சொல் உடனே வந்துவிடுகிறது. அதை நான் ஏற்கவில்லை. ஓட்டுபவர் தவறு செய்வார் என்று எடுத்துக்கொண்டுதான் தடத்தைக் கட்ட வேண்டும். நடந்த விபத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: அந்த வளைவின் வெளிவாயில் சுவரை உயர்த்தினார்கள், பனியின் வடிவத்தை மாற்றினார்கள், ஆண்களுக்கான தொடக்கப் புள்ளியைக் கீழே பெண்களுக்கான இடத்துக்கு இறக்கினார்கள், பெண்களுடையதை இன்னும் கீழே இறக்கினார்கள். ஒன்றிரண்டு நாளில் செய்ய முடிந்த வேலை இது. முன்கூட்டியே செய்திருக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்தத் தடத்தில் வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டதைவிட மிக அதிகமாக, மணிக்கு ஏறத்தாழ 154 கிலோமீட்டர் வரை லூஜ் வேகம் போயிருந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்காக சோச்சியில் கட்டிய தடத்தில் வேகத்தைக் குறைப்பதற்காகவே மூன்று இடங்களில் மேல்நோக்கி ஏறும் பகுதிகளை வைத்தார்கள்.

இதில் பெரிதாகப் பேசப்படாத இன்னொரு பாடம் உண்டு. போட்டி நடத்தும் நாட்டு வீரர்களுக்குத் தங்கள் தடத்தில் நூற்றுக்கணக்கான பயிற்சி ஓட்டங்கள் கிடைக்கும். வெளிநாட்டவருக்கு மிகச் சில. விஸ்லரிலும் இதே குறைபாடு இருந்தது, அதற்குக் கடும் விமர்சனமும் எழுந்தது. சொந்தத் தடத்தின் அனுகூலம் என்று இதை விளையாட்டு உலகம் காலங்காலமாகச் சகித்துக்கொண்டு வந்திருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் முன்பின் பழகாத வளைவுக்குள் ஒருவரை அனுப்புவது பாதுகாப்புப் பிரச்சினை. பதக்கக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

விபத்துகளின் வகையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பாப்ஸ்லெட் கவிழ்ந்தால் ஆட்கள் பெரும்பாலும் உள்ளேயே இருப்பார்கள். இருக்கைப் பட்டை கிடையாது, ஆனாலும் உள்ளே ஒடுங்கிக்கொண்டு பிடித்துக்கொள்ளத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து வழுக்கும்போது ஹெல்மெட்டும் தோளும் பனியில் உரசிக்கொண்டே போகும். உள்ளே ஒருவர் தலை இன்னொருவர் முதுகில், ஹெல்மெட் ஹெல்மெட்டில் இடிக்கும். வெளியே வீசப்பட்டால் இன்னும் மோசம், பின்னால் அந்த வண்டியே ஆளின்மேல் வரலாம். 2024 பிப்ரவரியில் ஆல்டன்பெர்க் தடத்தில் சுவிஸ் வீரர் ஸாண்ட்ரோ மிஷேல் கவிழ்ந்த வண்டியிலிருந்து தடத்தில் விழுந்தார். மேலே போன வண்டி திரும்பக் கீழே சறுக்கி வந்து அவரை மோதியதில் படுகாயம் அடைந்தார். தடத்தின் கடைசிப் பகுதி மேட்டில் ஏறுவதால் இப்படி ஆகிறது. லூஜில் பெரும்பாலும் ஆள் வண்டியை விட்டுப் பிரிந்துவிடுவார். ஸ்கெலிட்டனில் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் பெரிய விபத்துகள் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் அது தரும் நிம்மதி பாதிதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எழுந்து நடந்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பதுதான் மிகப் பழைய தவறு. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்க லூஜ் வீராங்கனை எமிலி ஸ்வீனி கடைசி ஓட்டத்தில் பயங்கரமாகத் தூக்கி எறியப்பட்டார். பார்த்தவர்கள் பதறினார்கள். அவர் எழுந்து நடந்தார். கழுத்திலும் முதுகெலும்பிலும் எலும்பு முறிவு இருந்தது பிறகுதான் தெரிந்தது. எலும்பு முறிவே இப்படி ஒளிந்துகொள்ளும் என்றால், எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாத மூளை அதிர்ச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2014 சோச்சி பயிற்சியில் இந்திய வீரர் ஷிவ கேசவன் லூஜிலிருந்து நழுவி விழுந்து, வழுக்கிக்கொண்டே மீண்டும் வண்டிமேல் ஏறிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்து இளம் வீரர்கள் 'விழுந்தாலும் ஓட்டத்தை முடிக்க வேண்டும்' என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை. அவ்வளவு வேகத்தில் விழுந்தவர் கீழே வந்ததும் அடுத்து நடக்க வேண்டியது மருத்துவப் பரிசோதனை.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது, அது ஜெல்லி போல மென்மையானது. தலை சட்டென நிற்கும்போதும் திரும்பும்போதும் மூளை ஒரு கணம் பின்தங்கி நகர்கிறது. நேராக இடிப்பதைவிடத் தலை சுழலும்போது நரம்பிழைகள் அதிகம் இழுபடுகின்றன, முறுக்கப்படுகின்றன. செல்களின் வேதிச் சமநிலை கலைந்து, மூளைக்கு அதிக ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் ஆற்றல் கிடைப்பது குறைகிறது. இதுதான் மூளை அதிர்ச்சி, கன்கஷன் என்று எல்லோரும் சொல்வது. நினைவு தப்ப வேண்டும் என்ற அவசியமே இல்லை, பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதும் இல்லை. ஸ்கேன் எடுத்தால் சாதாரணமாகவே இருக்கும். ஹெல்மெட்டின் வேலை மண்டை உடையாமல் காப்பது, அதை நன்றாகவே செய்கிறது. மூடிய பாத்திரத்தை எவ்வளவு கனத்த துணியில் சுற்றினாலும், குலுக்கினால் உள்ளே இருப்பது குலுங்கத்தான் செய்யும். சுழற்சியைக் கொஞ்சம் குறைக்கும் நழுவு அடுக்கு வைத்த ஹெல்மெட்டுகள் இப்போது வருகின்றன. நல்லதுதான், ஆனால் பனியே வழுக்கும் பரப்பு என்பதால் இங்கே அதன் பயன் சாலையில் இருப்பதுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். யாருமே விழாத ஓட்டத்துக்குப் பிறகும் வீரர்களுக்குத் தலைவலி, மந்தம், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, நடையில் தள்ளாட்டம் வருவதுண்டு. அவர்களே இதற்கு 'ஸ்லெட் ஹெட்' என்று பெயர் வைத்துப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். மாலையில் இருட்டறையில் படுத்துக்கிடந்து மறுநாள் காலை மீண்டும் தடத்துக்குப் போவது பலருக்கும் வழக்கமாக இருந்திருக்கிறது. பாப்ஸ்லெட்டில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. எஃகுத் தண்டவாளம் போன்ற கத்திகள் பனியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே மேலே கடத்துகின்றன. ஸ்கெலிட்டனில் மார்பும் தோளும் வண்டியோடு ஒட்டியிருக்க, தலை மட்டும் முன்னால் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. ஒரு நிமிடம் முழுக்க இடைவிடாத நடுக்கம், நடுவே வளைவுகளின் அழுத்தம், இடையிடையே தாடை பனியில் தட்டும் சின்னச் சின்ன இடிகள். ஸ்கெலிட்டனில் விபத்து குறைவு என்பது பாதி நிம்மதிதான் என்று சொன்னது இதனால்தான்.

கனடா ஆய்வாளர்கள் 2018-இல் அதுவரை வந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த ஸ்லெட் ஹெட் அறிகுறிகள் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்திருக்கின்றன, ஆனால் மருத்துவம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று எழுதினார்கள். பல்லாண்டுகளாக வீரர்கள் விடுதி அறையில் பேசிக்கொண்டதை ஆராய்ச்சி இவ்வளவு தாமதமாகக் கேட்டது என்பது வருத்தமான விஷயம். விளையாடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் உலகம் திரும்பிப் பார்க்கிறது. பணம் அதிகம் புழங்கும் விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் கவனம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு பாவ்லே யோவானோவிச். அமெரிக்க பாப்ஸ்லெட் அணியில் 2006 டுரின் ஒலிம்பிக்கில் ஆடியவர். 2020-இல், 43 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு ஆராய்ந்து, சி.டி.இ. என்ற நாள்பட்ட மூளைச் சிதைவு இருந்ததாக 2021-இல் உறுதிசெய்தது. இந்த நோய் பெரும்பாலும் குத்துச்சண்டை, அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் காணப்பட்டது. சறுக்குவண்டி வீரர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. டௌ என்ற புரதம் மூளையில் தவறான இடங்களில் படிவது இதன் அடையாளம். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறிய இன்னும் வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவரின் மூளையை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்டக்கூடாது. பாப்ஸ்லெட்டில் வண்டியைத் தள்ளிவிட்டு ஏறும் வலுவான ஆட்களில் பலர் அமெரிக்கக் கால்பந்து போன்ற வேறு மோதல் விளையாட்டுகளிலிருந்து வருபவர்கள். அவர்கள் தலை எங்கெங்கே அடிபட்டது என்று பிரித்துச் சொல்வது கடினம். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பல காரணங்களால் வரலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓய்வுபெற்ற வீரர் ஒருவருக்குத் தூக்கமின்மையோ கோபமோ மறதியோ வந்தால், 'எனக்கு அந்த நோய்தான், இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று ஒதுங்கிவிடுவது மிகப் பெரிய ஆபத்து. நரம்பியல் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். நிறைய அறிகுறிகள் குணமாகக்கூடியவை. பல ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற பாப்ஸ்லெட் ஓட்டுநர் எலனா மேயர்ஸ் டெய்லர் 2015-இல் கோனிக்ஸே தடத்தில் கவிழ்ந்து மூளை அதிர்ச்சி அடைந்தார், அதன் விளைவுகள் நீண்ட நாள் நீடித்தன. அவர் அதை மறைக்காமல் வெளியே பேசினார், இறப்புக்குப் பின் தன் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாகவும் அறிவித்தார். உச்சத்தில் இருக்கும் ஒருவர் இப்படிப் பேசும்போதுதான் கீழே இருக்கும் இளையவர்களுக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது.

சரி, தடுப்பது எப்படி? என் பார்வையில், ஓட்டங்களை மருந்தின் அளவைப் போல எண்ணுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கனரக வண்டிகளும் இயந்திரங்களும் ஓட்டுபவர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே சட்டம் போட்டு வரம்பு வைத்தது. ஓட்டுநரின் உடலுக்கு உள்ள இந்த அக்கறை விளையாட்டு வீரரின் மூளைக்கும் வேண்டும். தலையில் அல்லது ஹெல்மெட்டில் வைக்கும் சின்ன உணர்கருவிகளால் ஒவ்வோர் ஓட்டத்தின் அதிர்வையும் அளக்க முடியும். அந்தக் கருவி இல்லாவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: எந்தத் தடம், பனி எப்படி இருந்தது, எத்தனை ஓட்டம், எத்தனை முறை தலை தட்டியது, மாலையில் தலை எப்படி இருந்தது. இரண்டு மாதம் எழுதினால் எந்தத் தடத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஓட்டத்தில் அறிகுறி தொடங்குகிறது என்று கண்கூடாகத் தெரியும். பனி கரடுமுரடாக இருக்கும் நாளில் மூன்று ஓட்டத்தை இரண்டாகக் குறைப்பது ஒரு பயிற்சியாளரால் இன்றே முடியும், எந்தக் கூட்டமைப்பின் அனுமதியும் தேவையில்லை. தடத்தின் வரிசையை மனதில் பதிக்க வேண்டுமானால் காணொளி பார்க்கலாம், தடத்தின் ஓரமாக நடந்து பார்க்கலாம், கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாப் பழக்கத்தையும் தலையைப் பணயம் வைத்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை.

தடத்தைப் பராமரிப்பவர்கள் இந்த விஷயத்தில் மருத்துவர்களைப் போல முக்கியமானவர்கள். பனியை இழைத்துச் சமமாக்குவதும் வளைவுகளின் நுழைவாயில் வடிவத்தைச் சரியாக வைப்பதும் அதிர்வை நேரடியாகக் குறைக்கும். கழுத்துத் தசைகளை வலுவாக்குவது தலையின் ஆட்டத்தைக் குறைக்க உதவும். ஸ்கெலிட்டனில் இது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் களைத்த கழுத்துதான் கடைசி வளைவுகளில் தாடையைப் பனியில் விடுகிறது. ஆனால் வலுவான கழுத்து மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லூஜிலும் ஸ்கெலிட்டனிலும் தலையைத் தாழ்த்தினால் காற்றுத் தடை குறைந்து நேரம் மிச்சமாகும். லூஜில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். அதனால் தலையைக் காப்பாற்றும் நிலைக்கும் வேகமான நிலைக்கும் எப்போதும் இழுபறிதான். பயிற்சி நாட்களிலாவது பாதுகாப்பான நிலையைத் தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும்.

அடிபட்டால் அடையாளம் காண்பது இந்த விளையாட்டில் தனிப்பட்ட சிக்கல். கால்பந்தில் ஆயிரம் பேர் கண்முன் விழுவார், உடனே மருத்துவர் ஓடிவருவார். இங்கே அடி படும்போது யாரும் பக்கத்தில் இல்லை. வீரர் கீழே வந்து இறங்கும்போது எல்லார் கண்ணும் நேரப் பலகையில் இருக்கிறது. சற்று நேரத்தில் வண்டியோடு மேலே ஏற்றி அடுத்த ஓட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதோடு, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் தலை வலிப்பது சாதாரணம் என்று பழகிப்போனவருக்கு, உண்மையான மூளை அதிர்ச்சி வந்தால் எப்படித் தெரியும்? ஸ்லெட் ஹெட்டை இயல்பு என்று ஏற்றுக்கொள்வதன் பெரிய விலை இதுதான். வலியே எச்சரிக்கையாக வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. ஓட்டத்துக்கு முன் வலிமாத்திரை போட்டுக்கொள்வது இதை இன்னும் மோசமாக்கும்.

ஆகவே கவிழ்ந்தவர், தலை பலமாகத் தட்டியவர், கீழே வந்து நிலைகுலைந்தவர், கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்பவர் எல்லோரும் அன்று மீண்டும் மேலே ஏறக்கூடாது. சந்தேகம் இருந்தாலே போதும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகமான தூக்கக் கலக்கம், கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைதான். கழுத்து வலி இருந்தால் பயிற்சி பெற்றவர் வரும்வரை ஆளை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்கக்கூடாது. குணமாவதற்குள் இரண்டாவது அடி பட்டால், முக்கியமாக வளரும் வயதினருக்கு, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் மாநாட்டின் பரிந்துரைகள் 2023-இல் வெளிவந்தன, இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுபவை அவையே. அவற்றின்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு; நடமாடலாம், திரையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இருட்டறையில் நாட்கணக்கில் அடைந்து கிடப்பது பழைய முறை, அது குணமாவதைத் தாமதப்படுத்தும். பிறகு லேசான உடற்பயிற்சி, படிப்படியாகக் கூட்டி, ஆறு படிகளில் களத்துக்குத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலையில் மீண்டும் அடிபடக்கூடிய படிகளுக்குப் போகுமுன் அறிகுறிகள் முற்றிலும் போயிருக்க வேண்டும், மருத்துவர் அனுமதி தந்திருக்க வேண்டும். இதைச் சறுக்குவண்டிக்கு நான் இப்படிப் பொருத்துவேன்: நடை, சைக்கிள், பிறகு ஓட்டமும் எடைப் பயிற்சியும், பிறகு தரையில் வண்டி தள்ளும் பயிற்சி, மருத்துவர் சரி என்ற பிறகு தடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரே ஓர் ஓட்டம், அன்று மாலையும் மறுநாள் காலையும் தலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்தது, கடைசியாகத்தான் மேலிருந்து முழு ஓட்டம். பருவம் தொடங்கும் முன்பே மூளை அதிர்ச்சியை மதிப்பிட உதவும் ஸ்காட் 6 போன்ற பரிசோதனையில் ஒவ்வொருவரின் நினைவாற்றல், சமநிலை எல்லாவற்றையும் பதிந்துவைத்தால், அடிபட்ட பிறகு ஒப்பிட வசதியாக இருக்கும்.

இவையெல்லாம் காகிதத்தில் எளிது. பாப்ஸ்லெட் வண்டியில் பின்னால் உட்காரும் பிரேக்மேன் இடத்துக்கு எப்போதும் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். 'தலை வலிக்கிறது' என்று சொன்னால் அந்த இடம் போய்விடும் என்று பயந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் வீரரிடமும் இருக்கக்கூடாது, பதக்கம் எதிர்பார்க்கும் பயிற்சியாளரிடமும் இருக்கக்கூடாது. அணித் தேர்வோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். அடிபட்டு விலகுபவரின் இடம் அவர் திரும்பும்வரை காக்கப்படும் என்று விதியாகவே எழுதி வைக்க வேண்டும். நல்ல ஹெல்மெட் வாங்குவதைவிட இந்த ஒரு விதி அதிகம் பேரைக் காப்பாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் அண்ணன் மகள் விஷயம். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேர்வதற்கு முன் பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் சில கேள்விகள் கேளுங்கள். முதல் பருவத்தில் தடத்தின் எந்த இடத்திலிருந்து தொடங்குவார்கள், எப்போது மேலே ஏற்றுவார்கள்? நல்ல பயிற்சியாளர் கீழ்ப்பகுதியிலேயே பல வாரம் வைத்திருப்பார், அதைப் பெருமையாகவும் சொல்வார். ஒரு நாளில், ஒரு வாரத்தில் அதிகபட்சம் எத்தனை ஓட்டம், யார் எண்ணுகிறார்கள்? பயிற்சி நேரத்தில் தடத்தில் மருத்துவர் அல்லது மீட்புக்குழு இருக்கிறதா? மூளை அதிர்ச்சிக்கு எழுத்தில் நடைமுறை இருக்கிறதா, முன்பரிசோதனை செய்கிறார்களா? ஸ்லெட் ஹெட் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் பழகிவிடும்' என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

ஹெல்மெட்டை அவள் தலையில் போட்டுப் பார்த்து, தாடைப் பட்டையை இறுக்கியபின் நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே நுரை நசுங்கியிருக்கும் என்பதால் மாற்றியே ஆக வேண்டும். அவள் உங்களிடம் தினமும் பேசுவாள் என்றால் நேரத்தையும் இடத்தையும் கேட்பதோடு, இன்று எத்தனை ஓட்டம், தலை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினாலோ, படிப்பில் கவனம் சிதறுவதும் எரிச்சலும் புதிதாகத் தெரிந்தாலோ, அடுத்த நாள் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சியாளர் கோபித்துக்கொண்டால் உங்கள் பெயரைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.